விரலால் தொட்டுக் காட்டும் வலியும் உள்ளங்கையால் தடவிக் காட்டும் வலியும்: வாசகர் கேள்வி – பதில்

கோலூன்றிப் பாய்தல் பற்றி இந்தப் பகுதிக்குக் கடிதம் வருவது அரிது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப உயர்த்திய செய்தி எல்லோரும் அறிந்ததே. எனினும் வடக்கோடு ஒப்பிட்டால் கொழும்பில் கோல் பிடிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலர். அந்தச் சிலரிடமிருந்தும் அவர்களைச் சேர்ந்தவர்களிடமிருந்தும் இம்மாதம் நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள வலியைப் பற்றியவையாக இருப்பதால், இவ்விதழின் இடம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் வெள்ளவத்தையைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவன். வலக்கையை மேலே பிடித்து, இடக்காலால் எழும்புகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்னர் வரை பாடசாலைப் புற்றரையில் வாரத்துக்கு இரண்டு நாள்கள் மட்டுமே பயிற்சி செய்தேன். மாகாண மட்டத்துக்குத் தெரிவான பின்னர் சுகததாச விளையாட்டரங்கின் செயற்கை ஓடுபாதையில் ஆணிச் சப்பாத்து அணிந்து ஐந்து நாள்கள் பயிற்சி செய்கிறேன். இப்போது இடக்காலின் முன்னெலும்புக்கு உட்பக்கமாக வலிக்கிறது. ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடேறியதும் குறைந்து, மாலையில் ரியூசனுக்குப் படியேறும்போது மீண்டும் வருகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார் பயிற்றுநர். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்கிறார் அம்மா. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: விரிவாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது கடிதத்தில் இல்லை. வலி எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது? நாற்காலியில் அமர்ந்து, இடக்கணுக்காலை வலத்தொடையின் மீது தூக்கி வையுங்கள். கணுக்காலின் உட்புறம் புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்று மேலே தொடங்கி, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு வழியே, பெருவிரலால் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டு முழங்காலை நோக்கி வாருங்கள். எந்த இடத்தில் நோகத் தொடங்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

என் சிகிச்சை அறைக்கு ஒரே வாரத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். இருவரும் பாய்பவர்கள், இருவருக்கும் இடக்கால். எங்கே நோகிறது என்று கேட்டதும், முதலாமவர் உள்ளங்கையை எலும்பின் மீது வைத்து, சட்டைக் கையை மடிப்பது போல மேலும் கீழும் தடவிக் காட்டினார். இரண்டாமவர் தடவவில்லை. சுட்டுவிரலை ஓரிடத்தில் வைத்தார்; அந்த இடத்தில் நான் லேசாக அழுத்தியதும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதலாமவர் ஆறு வாரங்களில் கோல் பிடித்தார். இரண்டாமவருக்கு அந்தப் பருவம் முழுவதும் போயிற்று.

உங்கள் பேனாக் குறிகள் இரண்டுக்கும் இடையே 5 சென்ரிமீற்றருக்கு மேல் தூரமிருந்து, அந்த இடம் காலின் நடுப்பகுதிக்கும் கணுக்காலுக்கும் இடையில் இருந்தால், உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் விளையாட்டு வீரர்கள் ‘ஷின் ஸ்பிளின்ட்ஸ்’ என்று அழைக்கும் நோவாகும். தொடக்கத்தில் வலித்து, சூடேறியதும் குறைந்து, ஓய்ந்த பின்னர் திரும்புவது அதன் வழக்கமான போக்கு. குறிகள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டால், அல்லது படுக்கையிலும் வலி விட்டுப் போகாவிட்டால், அல்லது அந்த ஒற்றைக் காலால் நின்ற இடத்தில் துள்ளும்போது குத்தினால், எலும்பில் நுண்ணிய வெடிப்பு ஏற்பட்டிருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். அப்போது ஓட்டத்தையும் பாய்ச்சலையும் அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். வலி உள்விளிம்பில் அல்லாமல் எலும்பின் முன்முகட்டில் நடுப்பகுதியில் இருந்தால், இன்னும் கூடிய கவனம் வேண்டும். பாய்பவர்களுக்கு அங்கே ஏற்படும் வெடிப்பு எலும்பு இழுபடும் பக்கத்தில் அமைவதால் ஆறுவதற்குப் பல மாதங்கள் எடுக்கும். கவனியாமல் விட்டால் ஒருநாள் முழு முறிவாகவும் மாறலாம்.

எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை அம்மாவின் கவலை நியாயமானதுதான். ஆனால் வெடிப்பு ஏற்பட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படம் பெரும்பாலும் ஒன்றையும் காட்டாது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்ற ஒரு வரியை நம்பி மறுநாளே ஓடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐயம் வலுவாக இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். அது தேவையா என்பதை விளையாட்டுத்துறை அமைச்சின் கீழ் கொழும்பில் இயங்கும் விளையாட்டு மருத்துவ நிறுவகத்திலோ, அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு வழியாகவோ காட்டி முடிவு செய்யலாம்.

ஓட ஓடச் சரியாகும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எலும்பு உயிருள்ள பொருள். சுமை கூடும்போது அது தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். ஆனால் மேசன் பழைய பூச்சைக் கொத்திவிட்டுத்தான் புதிதாகப் பூசுவது போல, முதலில் பழைய எலும்பு அரித்து அகற்றப்படுகிறது, அதன் பின்னரே புதியது படிகிறது. எனவே சுமை கூடிய முதற் சில வாரங்களில் எலும்பு முன்னிருந்ததைவிடச் சற்று நலிந்தே இருக்கும். நீங்கள் அதே வாரங்களில் இரண்டு நாள்களை ஐந்தாக்கி, புற்றரையை விட்டுச் செயற்கைத் தரைக்கு மாறி, மெல்லிய அடியுள்ள ஆணிச் சப்பாத்தையும் மாட்டியிருக்கிறீர்கள். மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் கால் தாங்கியிருக்கக்கூடும்.

இனி, வைத்தியர்கள் பொதுவாகக் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். ஓட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்று புற்றரையில் அளந்து வைத்த தொடக்கக் குறியையே சுகததாசவிலும் பயன்படுத்துகிறீர்களா? செயற்கைப் பாதை காலைத் திருப்பி உந்துவதால் காலடி நீளும். ஒரு காலடிக்கு 3 சென்ரிமீற்றர் கூடினாலே, 14 காலடி ஓட்டத்தில் 42 சென்ரிமீற்றர் கூடிவிடும். எழும்பும் கணத்தில் உங்கள் இடப்பாதத்தின் நுனி, மேலே நீட்டிய வலக்கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும்; குறியை மாற்றாவிட்டால் அது, கோலை ஊன்றும் குழியான பெட்டியை நோக்கி முன்னே சென்று விழும். இதைத்தான் பயிற்றுநர்கள் ‘அண்டர்’ என்கிறார்கள். அப்போது பாதம் தரையை விட்டு எழுவதற்கு முன்னரே கோல் பெட்டியின் பின்சுவரில் மோதி உங்களைப் பின்னோக்கித் தள்ளும். விநாடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரமே தரையில் இருக்கும் அந்தக் கால், உடலை மேலே தூக்கும் வேலையோடு உங்களுடைய ஓட்டத்துக்குத் தடை போடும் வேலையையும் சேர்த்துச் செய்ய நேரிடும். முதுகு வலியும் இதே பிழையிலிருந்து வருவதுண்டு.

சரிபார்ப்பது எளிது. கோலைப் பெட்டியில் ஊன்றி, மேற்கையை முழுமையாக நீட்டி, அதற்கு நேர் கீழே பாத நுனியை வைத்து, அந்த இடத்தில் சோக்கட்டியால் கோடு போடுங்கள். நண்பர் ஒருவர் அந்தக் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் குந்தியிருந்து கைபேசியில் படம் பிடிக்கட்டும். ஐந்து பாய்ச்சல்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பாதம் கோட்டைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகிறது என்பது புலப்படும். அந்த அளவுக்குத் தொடக்கக் குறியைப் பின்னே கொண்டு செல்ல வேண்டும். இந்தப் படத்தைப் பயிற்றுநரிடமும் காட்டுங்கள். வாய்ப்பேச்சைவிட அது நன்றாகப் பேசும்.

வலி உள்ளங்கையால் தடவும் வகையாகவே இருந்தால், இரண்டு வாரங்களுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் வேண்டாம். அந்த நாள்களில் சைக்கிள் மிதிக்கலாம். நீச்சற் குளத்தில் மார்பளவு நீரில் ஓடலாம். உயரக் கம்பியில் தொங்கிக் கால்களைத் தலைக்கு மேலே கொண்டுசென்று தலைகீழாகும் பயிற்சியைத் தொடரலாம். முழங்காலை மடக்கி வைத்துக் குதியை உயர்த்தி இறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். கெண்டைத் தசையின் ஆழமான பகுதிக்கு முழங்காலை நேராக வைத்துச் செய்வதைவிட இது பயனுடையது. வேகமான நடையிலும் படியேறுவதிலும் வலி இல்லாமல், இடக்காலால் பத்துத் தடவை துள்ள முடியும் என்ற நிலை வந்ததும், ஒருநாள் விட்டு ஒருநாள், சாதாரண ஓட்டச் சப்பாத்துடன் புற்றரையில் மெதுவாக ஓடத் தொடங்கலாம். பத்துக்கு மூன்று என்று மதிப்பிடக்கூடிய வலியை ஓட்டத்தின்போது பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையிலும் அது நீடித்தால் முந்தைய நாள் ஓடியது அதிகம் என்று பொருள். காலி வீதியின் கொங்கிறீற் நடைபாதையில் ஓடாதீர்கள். சரிந்து கிடக்கும் கடற்கரை மணலும் வேண்டாம். அங்கே ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும்.

கோலுக்குத் திரும்பும்போது நான்கு காலடி ஓட்டம், தாழ்ந்த பிடி, இலகுவில் வளையும் கோல் என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு காலடிகளாகக் கூட்டுங்கள். ஆணிச் சப்பாத்து எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும்.

சித்தாலேப பூசுவதால் தீமை இல்லை. ஆனால் எண்ணெய் பூசி எலும்பின் மேல் அழுத்தி உருவுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பயிற்சிக்கு முன்னர் டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடுவது, வீட்டில் புகை மணக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். கொழும்பில் வாழும் நமக்கு இன்னுமோர் ஆபத்தும் உண்டு. காய்ச்சலோடு கால் உளைச்சல் வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இந்த மாத்திரைகள் குருதிக் கசிவை ஏற்படுத்தக்கூடும். காய்ச்சல் இருக்கும் நாளில் பரசிற்றமோலைத் தவிர வேறெதையும் வைத்தியரைக் கேளாமல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் தாய். என் மகளுக்குப் பதினாறு வயது. இரண்டு ஆண்டுகளாகக் கோலூன்றிப் பாய்கிறாள். கடந்த ஆண்டு கணைக்கால் எலும்பில் வெடிப்பு என்று கூறி எட்டு வாரங்கள் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது மற்றக் காலிலும் வலி என்கிறாள். உடல் பாரம் கூடினால் உயரம் குறைந்துவிடும் என்று இரவில் சோறு உண்பதில்லை. நான்கு மாதங்களாக மாதவிடாயும் வரவில்லை. கடும் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு அது வழக்கம்தான் என்று மைதானத்தில் சொல்கிறார்களாம். உண்மையா?

பதில்: அது வழக்கமாக நடப்பது உண்மை, நல்லதல்ல என்பதும் உண்மை. அம்மா, நீங்கள் மூன்று செய்திகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே செய்தியாகத்தான் தெரிகின்றன. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காதபோது உடல் தனக்கு அப்போது அவசியமில்லை என்று கருதும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. முதலில் நிற்பவற்றுள் மாதவிடாயும் ஒன்று. அதனோடு எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜினும் குறைகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கென ஒரு பெயரையே வகுத்து, விளையாட்டு வைத்தியர்கள் இதனைத் தேடிக் கண்டறிய வேண்டும் என அறிவுறுத்தியது. ஆண் பிள்ளைகளுக்கும் இது ஏற்படுவதுண்டு. அவர்களிடம் வெளிப்படையான அடையாளம் இல்லாததால் தாமதமாகவே தெரியவரும்.

ஒரு காலில் வெடிப்பு ஆறிய ஓராண்டுக்குள் மறுகாலில் வலி வந்திருப்பதால், காலை மட்டும் பார்ப்பது போதாது. மாதவிடாய் நின்றிருப்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பம், தைரொயிட் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதையும் அவர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், அவர் கேட்கும் கேள்விகளால் மனம் நோகாதீர்கள். இரத்தத்தில் இரும்புச் சத்தையும் விற்றமின் டி அளவையும் பார்ப்பது நல்லது. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் விற்றமின் டி எப்படிக் குறையும் என்று பலர் கேட்கிறார்கள். காலை ஏழரை மணி முதல் வகுப்பறை, பிறகு ரியூசன், இருட்டிய பின்னர் பயிற்சி என்று ஓடும் பிள்ளைகள் மீது அந்த வெயில் எப்போது படுகிறது?

மருந்துக்கு முன்னர் வேண்டியது இரவுச் சோறு. பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோ பாலோ பருப்போ சேர்ந்த ஓர் உணவும் வேண்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடும் குரக்கனும் கல்சியத்துக்கு நல்லவை. விலை கூடிய புரத மாவு தேவையில்லை. மகளிடம் பாரத்தைப் பற்றி வாதாட வேண்டாம். கோலை வளைக்கும் ஆற்றல் ஓட்டத்தின் வேகத்திலிருந்தும் உடலின் திணிவிலிருந்தும் வருகிறது. பட்டினி கிடப்பவளுக்கு வேகம் குறையும், பிறகு மெலிந்த கோலுக்கு இறங்க நேரிடும். அவளுடைய பயிற்றுநர் இதை எடுத்துச் சொன்னால் காது கொடுப்பாள். மாதவிடாய் திரும்பும் வரையிலும் வைத்தியர் காலைப் பார்த்து அனுமதிக்கும் வரையிலும் பாய்ச்சல் வேண்டாம்.

கேள்வி: வத்தளையில் ஒரு பாடசாலையில் 12 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன். எங்களிடம் மெத்தையோ பெட்டியோ இல்லாததால், நீளம் பாயும் மணற்குழியில் கோலை ஊன்றிப் பழக்குகிறேன். சிலர் முழங்காலுக்குக் கீழே நோகிறது என்கிறார்கள். மணற்குழிதான் காரணமா?

பதில்: மணற்குழி இந்த வயதுக்கு நல்ல இடம். மணலில் ஊன்றும் கோல் சற்று வழுக்கிச் செல்வதால் பெட்டியில் மோதும் அதிர்ச்சி காலுக்கு வராது. ஆனால் ஓரிரவு மழை பெய்து மறுநாள் வெயில் காய்ந்தால், நம் மணற்குழிகள் சீமெந்துத் தரை போலாகிவிடும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னர் முழங்கையளவு ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்தி விடுங்கள். அதையும் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம், நல்ல உடற்பயிற்சி. இறங்கும்போது இரு கால்களாலும், முழங்கால் மடிய இறங்கட்டும். இத்தனை பாய்ச்சல்தான் என்று எண்ணிக்கை விதிக்க நான் விரும்பவில்லை. கடைசிப் பாய்ச்சலில் எழும்பும் உயரம் முதற் பாய்ச்சலைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால், அன்றைக்குக் கோலைக் கட்டிவிடுங்கள்.

முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு மொளி போல முன்னே துருத்தி, அதைத் தொட்டால் நோகிறது என்றால், அது வளரும் வயதுக்கே உரிய வேறொரு நோவு. ஒஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு வைத்தியர்கள் 1903இல் தனித்தனியே விவரித்ததால் இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. தொடைத் தசையின் நாண், இன்னும் முதிராத எலும்பின் வளர்நிலத்தை இழுப்பதால் வருவது. பாய்ச்சலைக் குறைத்தால் அடங்கும், வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட சில நிமிடங்களில் ஒவ்வொரு முறையும் கால் கல்லாக இறுகி, பாதம் மரத்து, நின்றதும் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால், அவரைத் தசையறை அழுத்தத்துக்காக, அதாவது தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் கூடுகிறதா என்று, பரிசோதிக்க வைத்தியரிடம் அனுப்புங்கள். அடிபட்ட பின்னர் கால் அவ்வாறு இறுகி, ஓய்விலும் வலி ஏறிக்கொண்டே போனால், மறுநாளுக்குத் தள்ளிப் போடாமல் அந்த மணி நேரத்திலேயே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: தெகிவளையில் வசிக்கிறேன், வயது 46. பாடசாலை நாள்களில் பாய்ந்தவன். மூத்தோர் போட்டிக்காக மீண்டும் தொடங்கியிருக்கிறேன். காலையில் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது குதிகால் நாண் விறைத்து நோகிறது; நடந்தால் இளகிவிடுகிறது. ஒரு ஊசி போட்டால் போட்டி வரை தாங்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் சொல்வது ஸ்டெரொயிட் ஊசியாகத்தான் இருக்க வேண்டும். அது சில வாரங்களுக்கு வலியை மறைக்கும்; அதே வேளையில் நாணை நலிவடையச் செய்து அறுந்துவிடும் வாய்ப்பையும் கூட்டும். மேலும் 2022 ஜனவரி 1 முதல், இவ்வகை ஊசிகள் எவ்வழியாகச் செலுத்தப்பட்டாலும் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்து விதிகளின்படி தடைசெய்யப்பட்டவை. அண்மையில் சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றோட்டத்துக்கோ சிப்ரோபுளொக்சசின் எடுத்தீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்த மருந்தினமும் குதிகால் நாணைப் பாதிக்கக்கூடியது. எடுத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நாணின் நடுப்பகுதியில், குதிக்கு 2 முதல் 6 சென்ரிமீற்றர் வரை மேலே நோவு இருந்தால், சுவீடன் வைத்தியர் ஹாகன் அல்பிரெட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சி முறை இன்றும் பயன்படுகிறது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் குதியை உயர்த்தி, நோகும் காலால் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நேராக 15 தடவைகள் மூன்று சுற்று, மடக்கி 15 தடவைகள் மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரங்கள். சலிப்பூட்டும் வேலைதான், என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் நான்காம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். நோவு குதியெலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படியில் வேண்டாம், சமதரையில் செய்யுங்கள்.

பயிற்சியின்போது யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்தது போல உணர்ந்து, திரும்பிப் பார்த்தால் எவரும் இல்லாவிட்டால், கதிரையில் முழந்தாளிட்டுப் பாதங்களை வெளியே தொங்கவிட்டு, இன்னொருவரைக் கெண்டைத் தசையைப் பிடித்து அழுத்தச் சொல்லுங்கள். நாண் அறுந்திருந்தால் நல்ல காலின் பாதம் அசைவது போல அந்தப் பாதம் அசையாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போகும் வழியில் அந்தக் காலை ஊன்ற வேண்டாம்.